மண்ணில் கிடைக்கும் லாடமும் கடிவாளமும்

ஏரியைத் தூர் வாரும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், கிணற்றை ஆழப்படுத்தும்போதும் மண்வெட்டியில் 'ணங்' என்று ஏதேனும் ஒன்று தட்டுப்படுவது நம் உழவர் பெருமக்களுக்குப் புதியதன்று. தட்டுப்பட்டது பானை ஓடாயின் எறிந்துவிடுகின்றனர். செங்கல்லாயின் ஒதுக்கி வைக்கின்றனர். துருவேறிய இரும்பாயின் அது சாக்கிற் சேர்ந்து, சில நாளில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது.

மீஞ்சூர் வட்டாரத்தில் ஓர் ஊராட்சிக் குளத்தைத் தூர் வாரியபொழுது அவ்வாறு ஒரு சாக்கு நிறைய இரும்பு கிடைத்தது. செய்தி எட்டி நாம் சென்று சேர்வதற்குள் பெரும்பகுதி விற்பனையாகிவிட்டது. எஞ்சிய பன்னிரண்டு துண்டுகளை ஊராட்சி அலுவலகத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தனர். "நவாபு காலத்துக் குதிரைப்படை இங்கேதான் தண்டு இறங்கியதாம், ஐயா" என்றார் ஒருவர். "இல்லை, பழவேற்காட்டு டச்சுக்காரர் குதிரைகள்" என்றார் மற்றொருவர். முதியவர் ஒருவர் மட்டும் ஒரு துண்டை எடுத்து இருபுறமும் புரட்டிப் பார்த்து, "இது மாட்டு லாடம். என் தகப்பனார் அடித்தது போலவே இருக்கிறது" என்றார்.

அவர் கூறியதே சரி. பன்னிரண்டில் ஒன்பது மாட்டு லாடங்கள். இரண்டு கதவுக் கீல்கள். ஒன்றே ஒன்று குதிரைக்கு உரியது. அதனைத்தான் அவ்வூரார் பழைய தேங்காய்த் துருவி என்று எண்ணித் தனியே ஒதுக்கி வைத்திருந்தனர்!

இத்தகைய பொருள்களை எவ்வாறு இனங்காண்பது, கண்டபின் என்ன செய்வது என்பனவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருப்பது நலம். விற்றுப்போன சாக்கில் என்ன இருந்தது என்பதை இனி ஒருவரும் கூற முடியாது. அடுத்த சாக்குக்காவது அந்நிலை நேரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நம் நாட்டிற் குதிரை

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். மாட்டைப் போலக் குதிரை நம் மண்ணுக்கு உரிய விலங்கன்று. வந்து சேர்ந்த விருந்து. கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரபிக்கரைத் துறைமுகங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் மன்னர் ஒருவருக்கே ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டன என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். அதற்கு அவர் கூறும் காரணம் நம் பொருளோடு நேரே தொடர்புடையது. குதிரையைப் பேணத் தெரிந்தவரும், நோய்க்கு மருத்துவம் அறிந்தவரும் இங்கே இல்லை; குதிரை வணிகர்களோ அத்தகையோரை அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் விரும்புவதில்லை; குதிரைகள் மடிய மடிய அவர்களுக்கு வாணிகம் பெருகும் அல்லவா! வணிகத் தந்திரம் அக்காலத்திலும் குறைவில்லை என்பது இதனால் விளங்கும்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாதெனின், குதிரைக்குரிய கருவிகள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்தவையல்ல என்பதே. அரசர், படை, அதிகாரி, வணிகர் ஆகியோர் இருந்த இடங்களிலேயே அவை மிகுதி. கும்பினியார் ஆட்சியில் படைக்குக் குதிரை பழக்குவதற்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டு பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. இன்று அது கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து 'வேலர்' எனப்பட்ட குதிரைகள் கப்பலில் சென்னைக்கு வந்தன. கடைசியாக வந்தது ஜட்கா வண்டி. படைக்கும் அதிகாரிக்கும் உரியதாயிருந்த குதிரை, மட்டக்குதிரை வடிவில் சாதாரண மக்களை இரயிலடியிலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் ஏற்றிச்சென்ற காலம் அது. ஆதலால் நம் வட்டாரத்தில் குதிரைக் கருவி ஒன்று கிடைத்தால், அது நவாபு படையுடையதாக இருப்பதைக் காட்டிலும் ஜட்கா வண்டிக்காரர் ஒருவருடையதாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இது கேட்போருக்குச் சற்று ஏமாற்றம் அளிக்கலாம்.

லாடம்

நிலத்திற் கிடைப்பவற்றுள் மிகுதியானது லாடமே. குதிரையின் குளம்பு பிளவற்ற ஒற்றைக் குளம்பு. ஆகவே அதன் லாடம் ஒரே துண்டாக, பிறை வடிவில் வளைந்து, பின்புறம் திறந்திருக்கும். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. அதற்குக் காலொன்றுக்கு இரண்டு தகடுகள் வேண்டும். ஒவ்வொரு தகடும் பாதி இலை போன்று ஒருபுறம் வளைந்தும் ஒருபுறம் ஏறத்தாழ நேராகவும் இருக்கும். முழுப் பிறை குதிரைக்கு, அரைத் தகடு மாட்டுக்கு என்று நினைவில் வைத்தாற் போதும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குதிரை லாடம் துருவால் நடுவே முறிந்துவிடின் பாதித் துண்டு மாட்டு லாடம் போலவே தோன்றும். அப்போது முனையைப் பார்க்க வேண்டும். மாட்டு லாடத்தின் இரு முனைகளும் கொல்லர் அடித்து முடித்த முனைகளாக மழுங்கியிருக்கும். முறிந்த லாடத்தின் ஒரு முனை கரடுமுரடாகவும், அவ்விடத்தில் இரும்பு மிகத் தேய்ந்தும் இருக்கும். குதிரை கால் எடுத்து வைக்கும்போது குளம்பின் முன்நுனியே தரையை உந்துவதால் லாடம் அங்கேதான் முதலில் தேய்கிறது.

முழுதாகக் கிடைத்த குதிரை லாடம் இன்னும் சில கூறும். ஏறத்தாழ வட்டமாக இருப்பின் முன்னங்காலுக்கு உரியது. முன்புறம் சற்றே கூம்பியிருப்பின் பின்னங்காலுக்கு உரியது. மிகச் சிறியதாயின் மட்டக்குதிரையுடையது. குறுகி, பக்கங்கள் நேராக நீண்டிருப்பின் கோவேறு கழுதையுடையதாகலாம். அடிப்பரப்பில் ஆணித்தலை அமர்வதற்கான பள்ளவரி ஒரே சீராக ஓடி, துளைகளும் ஒரே இடைவெளியில் அமைந்திருப்பின் அது பொறியிற் செய்தது. அமெரிக்க நாட்டு ஹென்றி பர்டன் என்பார் லாடம் செய்யும் பொறிக்கு 1835-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஆகவே பொறியில் வார்ந்த லாடம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. துளைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, இரும்பின் தடிப்பும் சீரின்றி இருப்பின் கைவேலை. கைவேலை என்ற ஒன்றைக்கொண்டே பழமை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊர்க் கொல்லர்கள் பொறி வந்த பின்னும் பன்னெடுங்காலம் கையால் அடித்து வந்தனர்.

ஆணியையும் பார்த்தல் வேண்டும். லாடத்தில் ஆணி இன்னும் தங்கி, அதன் நுனி மடிந்திருப்பின், அந்த லாடம் நடக்கும்போது கழன்று விழுந்தது. ஆணியே இன்றித் துளைகள் வெறுமையாக இருப்பின், தேய்ந்த லாடத்தை லாடக்காரர் கழற்றி எறிந்திருக்கலாம், அல்லது ஆணி துருவாய்க் கரைந்திருக்கலாம். ஒற்றை லாடம் வழியில் விழுந்ததைக் காட்டும். பத்து இருபது லாடங்களும் வெட்டுண்ட ஆணி நுனிகளும் கரித்துண்டும் இரும்புக் கிட்டமும் ஓரிடத்திற் குவிந்திருப்பின் அங்கே ஒரு பட்டறை இருந்தது என்று பெரும்பாலும் துணியலாம். அத்தகைய இடத்தில் மேலே தோண்டாமல் நிறுத்திவிடுவதே முறை.

லாடம் எவ்வளவு பழமையாக இருக்கக்கூடும் என்று பலரும் வினவுகின்றனர். மணலும் களியுமான நம் மண்ணில் குதிரைக்கும் மாட்டுக்கும் லாடத்தின் தேவை குறைவு. ஏர் மாட்டுக்கு லாடம் அடிப்பதில்லை. வண்டி மாட்டுக்கே அடிப்பர். கப்பிச் சாலைகள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டிலேதான் வண்டி மாட்டுக்கு லாடம் இன்றியமையாததாயிற்று. ஆகவே நம் வட்டாரத்தில் கிடைக்கும் லாடங்களுள் பெரும்பாலானவை அக்காலத்துக்கும் அதற்குப் பிந்திய காலத்துக்கும் உரியவை என்று கொள்வதே பொருத்தம்.

கடிவாளம்

கடிவாளத்தின் நிலை வேறு. தோல்வார்கள் மண்ணில் மக்கிப்போக, வாய்க்குள் இருந்த இரும்பு மட்டுமே நமக்குக் கிடைக்கும். நடுவில் இணைப்புடைய இரு சிறு கம்பிகள், இரு கோடியிலும் பெரிய வளையங்கள், இதுவே எளிய கடிவாளத்தின் அமைப்பு. வளையம் நீக்கி வாயிரும்பு மட்டும் ஏறத்தாழ ஐந்து அங்குலம் இருக்கும். வளையத்துக்கு மாறாக நீண்ட பக்கத் தண்டுகள் இருப்பின் அது படைக்குதிரைக்கோ பெரிய வண்டிக்குதிரைக்கோ உரியதாகலாம்.

நம் பக்கத்தில் இதனோடு குழம்புவது கவலைச் சாலின் இரும்பு வளையமும் கிணற்றுச் சங்கிலியும் ஆகும். கவலை இறைத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் உள்ளனர். அவர்களிடம் காட்டினால் நொடியிற் கூறிவிடுவர். சங்கிலியாயின் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். கடிவாளத்தில் நடுக்கம்பி நீளம், கோடி வளையம் பெரிது. நடுக்கம்பி குதிரையின் வாயிற் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருப்பதும் உண்டு.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. லாடத்தைப் போலன்றிக் கடிவாளம் மிகப் பழமையானதாக இருக்கக்கூடும். நாகபுரிக்கு அருகே மாகுர்ஜரி என்னுமிடத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகளை அகழ்ந்தபோது, குதிரை எலும்புகளோடு இரும்புக் கடிவாளங்களும், குதிரையின் முகத்துக்கு அணிவித்த செப்புத்தகட்டு அணிகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கடிவாளங்களின் அமைப்புக்கும், ஜட்கா மட்டக்குதிரையின் கடிவாளத்துக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்க இயலாது. பக்கத்தில் என்ன கிடந்தது என்பதே காலத்தைக் கூறும். உட்புறம் கருமையும் வெளிப்புறம் செம்மையுமான பானை ஓடுகள் உடன் கிடைத்தால் அது ஒரு செய்தி. சீமை ஓடும் கண்ணாடிப் புட்டியும் உடன் கிடைத்தால் அது வேறு செய்தி. கடிவாளத்தை மட்டும் எடுத்துத் துடைத்துக்கொண்டு ஓட்டை எறிந்துவிட்டால், அறிஞர்கள் வந்து பார்த்தாலும் பயனில்லை.

துருவி அன்று, குரப்பம்

இனி நம் பன்னிரண்டாவது துண்டுக்கு வருவோம். அது உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் பற்களுடைய பட்டைகள் ஆறு, வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. பின்னால் கைப்பிடி செருகும் காம்பு. பற்களைக் கண்டவுடன் துருவி என்று அவ்வூரார் எண்ணியதிற் பிழையில்லை. ஆனால் தேங்காய்த் துருவிக்கு நாக்குப் போன்ற ஒற்றைத் தகடே உண்டு. பற்கள் அதன் விளிம்பைச் சுற்றி அமைந்திருக்கும். இணை இணையாகப் பல வரிசைப் பற்கள் இருப்பின் அது குதிரையின் உடலைத் தேய்க்கும் கருவியாகும். பழைய அகராதிகள் இதனைக் 'குரப்பம்' என்னும். உடலில் ஒட்டிய சேறு, வியர்வை உப்பு, உதிர்ந்த மயிர் ஆகியவற்றை இதனால் கிளறி எடுத்தபின் தூரிகையால் துடைப்பர். தகட்டின் பக்கங்களில் இரு சிறு குமிழ்கள் இருத்தல் இதன் மற்றோர் அடையாளம். சேர்ந்த அழுக்கைக் கல்லிலோ தரையிலோ தட்டி உதிர்ப்பதற்கு அவை பயன்பட்டன. நம் துண்டில் ஒரு குமிழ் இருந்தது. மற்றொன்று உதிர்ந்துபோய் அதன் துளை மட்டும் தெரிந்தது.

குளம்பின் அடிப்பள்ளத்திற் சிக்கிய கல்லையும் சாணத்தையும் எடுக்கும் கொக்கி மற்றொரு கருவி. விரல் நீளத் தண்டும், நுனியில் மழுங்கிய வளைவும் உடையது. இதனை முறிந்த அரிவாள் நுனி என்று எறிந்துவிடுவது வழக்கம். அரிவாளுக்கு உட்புறம் கூர் உண்டு. இதற்கு எப்புறமும் கூர் இல்லை. குளம்பைக் காயப்படுத்தாமைக்காகவே அவ்வாறு செய்தனர்.

லாடக்காரரின் கருவிகளில் அரம் எளிதில் தெரியும். இரும்பு அராவும் அரத்தில் நெருங்கிய கோடுகள் இருக்கும். குளம்பு அராவும் அரத்தில் கோடுகளுக்கு மாறாகத் தனித்தனிப் பற்கள் முள்முள்ளாக எழுந்து நிற்கும். ஆணி பிடுங்கும் குறட்டின் வாய் நண்டுக்கொடுக்கு போல வளைந்து, விளிம்பு கூராக இருக்கும். கொல்லர் உலையில் இரும்பைப் பற்றும் குறட்டின் வாயோ தட்டை, கைப்பிடி நீளம். குளம்பைச் செதுக்கும் கத்தியின் நுனி சற்றே உட்புறம் சுருண்டிருக்கும். இவற்றுட் பல மாட்டுக்கும் குதிரைக்கும் பொதுவானவை என்பதை மறக்கலாகாது. மாட்டைக் கயிற்றால் வீழ்த்தி நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி லாடம் அடிப்பர். குதிரையை நிற்கவைத்தே காலைத் தூக்கி மடியில் இருத்தி அடிப்பர். முறை வேறாயினும் குறடும் சுத்தியலும் அரமும் ஒன்றே.

அங்கவடி கிடைத்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஏறுபவர் கால்வைக்கும் வளையம் அது. அடிப்பகுதி தட்டையாகவும், மேலே வார் நுழையும் கண்ணுடனும் இருக்கும். பெரும்பாலும் வார் அறுந்து ஒற்றையாகவே விழுந்திருக்கும். வளையமுள்ள முளைக்கம்பிகள் மட்டும் நம் வட்டாரத்தில் பெருங்குழப்பம் தருபவை. குதிரை கட்டிய முளையும், மாடு கட்டிய முளையும், பழவேற்காடு ஏரிக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் படகு கட்டிய முளையும் ஒன்றுபோலவே இருக்கும். கிடைத்த இடத்தைக் கொண்டன்றி இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. மணியும் சலங்கையும் அப்படியே.

கையிற் கிடைத்தது எப்படியும் குதிரையுடையதாகவே இருக்க வேண்டும் என்ற ஆவல் பலருக்கு உண்டு. குதிரை என்றால் அரசர் நினைவு வருகிறது. மாடு என்றால் வீட்டுக் கொட்டில் நினைவு வருகிறது. ஆனால் மாட்டு லாடம் கூறும் செய்தி நம் வட்டாரத்துக்கு மிகவும் வேண்டிய செய்தியாகும். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-ஆம் ஆண்டு பேசில் காக்ரேன் வெட்டுவித்த கால்வாய், பின்னர் வடக்கே நீண்டு, 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரணப் பணியாக மேலும் வெட்டப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயர் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்தன, போயின. படகுத் துறைக்கும் ஊருக்கும் இடையே வண்டிகளே ஓடின. வண்டிப்பாட்டைகள் இன்று வயலாகவும் மனையாகவும் மாறி, வழி எதுவென்றே தெரியாமற் போயின. மாட்டு லாடங்கள் எந்தெந்த வயலிற் கிடைக்கின்றன என்று ஊராட்சி வரைபடத்திற் குறித்துக்கொண்டே வந்தால், மறைந்த பாட்டை தானே வெளிப்படும். இதற்குப் பணச்செலவு எதுவும் இல்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும்.

எடுத்த பின் பேணுதல்

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்பட்டமையால் கடல்நீர் உட்புகுந்தது என்பது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கிணற்று நீர் உவர்த்ததை நாம் அறிவோம். மண்ணுக்குள் இருக்கும் இரும்பையும் அதே உப்பு அரிக்கிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. உப்பு ஊறிய இரும்பு மண்ணுக்குள் இருந்தவரை ஓரளவு நிலையாக இருக்கும். வெளியே எடுத்துக் காற்றும் ஈரமும் பட்டதும் அரிப்பு விரைவடைகிறது. மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் வியர்வை போன்ற துளிகள் அரும்பும். பின் செதில் செதிலாக உதிரும். நூறாண்டு மண்ணில் இருந்த பொருள் ஒரு மழைக்காலத்தில் நம் திண்ணையிலேயே தூளாகிவிடக்கூடும்.

ஆகவே இரும்பைக் கிணற்று நீரிற் கழுவுதல் கூடாது. கம்பித் தூரிகையாற் சுரண்டுதல், புளியிட்டுத் தேய்த்தல், அமிலத்தில் ஊறவைத்தல், துரு உதிரச் சுத்தியலால் தட்டுதல் ஆகிய நான்கும் கேடு. துருவுக்குள்ளேதான் பொருளின் உண்மை வடிவம் பல நேரம் தங்கியிருக்கிறது. நிழலில் உலரவிட்டு, மெல்லிய தூரிகையால் தளர்ந்த மண்ணை மட்டும் நீக்கி, இறுக மூடும் டப்பாவில் வைத்தல் வேண்டும். மருந்துப் பெட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வருகின்ற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் அதில் இட்டு வைக்கலாம். நல்லெண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசிவிட்டால் பின்னர்ப் பேணுவோருக்கு இடர்ப்பாடு.

தோலும் மரமும் இதற்கு நேர்மாறானவை. குளத்தின் அடிச் சேற்றில் ஈரத்தோடு கிடந்த சேணத்தோலையோ வண்டி மரத்தையோ வெயிலில் உலர்த்தினால் சுருங்கி வெடித்துவிடும். அவற்றை ஈரத் துணியிற் சுற்றி நிழலில் வைத்துக்கொண்டே செய்தி அனுப்ப வேண்டும். இரும்பும் தோலும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பின் ஈரத்தோடு வைத்து, காலந்தாழ்த்தாமல் அறிவிப்பது நன்று.

லாட ஆணி காலில் ஏறினால் உடனே காயத்தைக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். இரணஜன்னிக் கிருமி மண்ணிலும், சிறப்பாகக் குதிரைச் சாணம் கலந்த மண்ணிலும் வாழ்வது. பழைய லாயம் இருந்த இடத்தில் வெறுங்காலோடு இறங்குதல் அறிவுடைமையன்று. உருண்டையாகவோ நீள்குழலாகவோ கனத்த இரும்பு எதுவும் கிடைத்தால் அதனைத் தட்டியோ சூடேற்றியோ பார்க்கலாகாது. அது பழைய வெடிகுண்டாகவும் இருக்கலாம். விலகி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுவதே கடமை.

சட்டம் கூறுவது

புதையல் என்றாற் பொன்னும் வெள்ளியும் என்றே நாம் நினைக்கிறோம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமோ மண்ணுள் மறைந்திருக்கும் மதிப்புடைய எப்பொருளையும் புதையல் என்றே கூறுகிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்நாளில் என்பன அதில் இருக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அக்காலத்து மதிப்பு. இன்று ஒரு கிலோ பழைய இரும்பே அதற்குமேல் விலை போகிறது. அறிவியாது மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்கோ அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உள்ளாக நேரும்.

அறிவித்தவருக்கு இழப்பு என்று அஞ்ச வேண்டுவதில்லை. உரிமையாளர் எவரும் இல்லை என்று ஆட்சியர் விசாரித்து முடிவு செய்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்கு உரியவருக்கு நான்கில் ஒரு பங்கும் என்பது அச்சட்டத்தின் விதி. அரசே அப்பொருளை எடுத்துக்கொள்வதாயின் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இன்றி வாணிகம் செய்வதையும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பழம்பொருள் வாங்குவதாகக் கூறிக்கொண்டு ஊர்ஊராக வருவோரிடம் இதனை நினைவூட்டலாம்.

ஊராட்சிக் குளத்திலும் புறம்போக்கிலும் கிடைப்பவை ஒப்பந்தக்காரருடையனவும் அல்ல, கண்டெடுத்த தொழிலாளி விருப்பம்போல் விற்பதற்கு உரியனவும் அல்ல. தூர் வாரும் பணி தொடங்கும் நாளிலேயே ஊராட்சி மன்றத் தலைவர் இதனைப் பணியாளர்களுக்கு அறிவித்துவிடின் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது. பொருள் கிடைத்ததும் அசைக்குமுன், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துக் கைப்பேசியிற் படம் எடுக்க வேண்டும். நில அளவை எண், தரைமட்டத்திலிருந்து ஆழம், உடன் கிடைத்தவை, எடுத்தவர் பெயர், நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பொருளோடு வைத்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேராகவோ பொன்னேரி வட்டாட்சியருக்கும் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதலாம். 1851-இல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகமும், நம் மாவட்டத்துப் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகமும் ஆலோசனை கேட்கத்தக்க இடங்கள். குதிரைக் கருவி என்று ஐயம் தோன்றினால் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படத்தைக் காட்டிக் கேட்கலாம். 1903-இல் தொடங்கிய அக்கல்லூரி, குதிரையும் மாடுமே ஊர்திகளாயிருந்த காலத்திலிருந்து தொடர்ந்து நடைபெற்று வருவது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஊரிலேயே கேட்க வேண்டியவர் ஒருவர் உண்டு. மாட்டுக்கு லாடம் அடித்தவரோ, அவருக்கு உதவியாகக் கயிறு பிடித்தவரோ இன்னும் பல ஊர்களில் முதுமையோடு இருக்கின்றனர். வண்டிக்கு இரப்பர்ச் சக்கரமும், பின் மாட்டுக்கு மாறாக இழுவை இயந்திரமும் வந்தபின் அவர்களைத் தேடுவார் இல்லை. நாம் மேலே குறிப்பிட்ட முதியவர், திண்ணையில் இருந்தபடியே ஒன்பது லாடங்களையும் முன்கால், பின்கால், உள்தகடு, வெளித்தகடு என்று பிரித்து அடுக்கினார். அவற்றுள் இரண்டை வேறு ஊர்க் கொல்லர் வேலை என்றும் துளையின் அமைப்பைக் காட்டிக் கூறினார். ஊராட்சிச் செயலர் அவர் கூறியதை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார். எழுதிய தாளைப் படித்துக் காட்டியபோது முதியவர் இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார்.